கிணற்றுக்கு மேலே உள்ள வரிசைகள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் தோட்டத்தைப் பட்டினி போடவில்லை. பாதிச் சாப்பாடு போடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. உன் மனைவியின் காதுக்கு வந்த செய்தியை நீயே அவளுக்குத் திருத்திச் சொல்லிவிடு. "புருஷன் போனதும் அந்தம்மாவுக்கு மூளை கலங்கிப்போச்சு, தேயிலைக்கு உரமே போடறதில்லையாம்" என்று அவளிடம் சொன்னவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துத் தையல்காரர். அவருக்கு அளவெடுக்கத் தெரியும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

நடந்தது இதுதான். மருந்தகத்து நர்ஸ் போன மாதம் நம் தொழிலாளர் வீடுகளுக்கு வந்தாள். பறிக்கிற பெண்களில் ஒருத்தி நிறைமாதமாக இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்தவள் கிணற்றைப் பார்த்தாள், கிணற்றுக்கு மேலே சரிவில் ஏறிப்போகும் தேயிலையைப் பார்த்தாள், ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீரில் நைட்ரேட் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாதாம். நம் கிணற்றில் தொண்ணூற்றாறு. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாதாம். "பொறந்த கொழந்தைக்கு இந்தத் தண்ணியில பால்மாவு கரைச்சுக் குடுத்தா உதடு நீலமாயிடும்மா, உசுருக்கே ஆபத்து" என்றாள். நாம் மேலே போடும் உரத்தில் செடி தின்றது போக மீதி மழையோடு கீழே இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மண்ணையும் அனுப்பிப் பார்த்தேன். புளித்துப்போயிருக்கிறது. நீயும் உன் அத்தானும் உட்கார்ந்து முடிவு செய்தபடி இருபது வருடமாக ஆறு ஏக்கருக்கு வருடம் நாற்பது மூட்டை போட்டோம். இந்த வருடம் இருபது. அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் நாலு தவணையாக, மழை பெய்து மண் நனைந்த பிறகு. கவாத்து செய்த கிளைகளை விறகுக்கு விடாமல் வரிசைகளுக்கு நடுவிலேயே போட்டு மூடுகிறோம். கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்று மூன்றாகப் பிரித்துப் போன வருடம் போலவே தனித்தனியே கொழுந்து எடை எழுதுகிறேன். கன்னியர் பள்ளியில் எங்கள் கணக்கு மதர் சொல்வார், "அளக்காததைச் சொல்லாதே" என்று. நான் அளக்கிறேன்.

இது உன்னிடம் அனுமதி கேட்கும் கடிதமல்ல, தகவல். கார்பன் வைத்துத்தான் எழுதுகிறேன், நகல் என்னிடம் இருக்கும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு வலது கண் மங்கல் கூடியிருக்கிறது. பத்திரிகையில் தலைப்பு மட்டும்தான் தெரிகிறது. உலகத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள அதுவே அதிகம்.

அக்கா

ஜனவரி 24

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால், மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. தையல்காரர் விஷயத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அண்ணிகிட்ட என் பேரைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். பெண்கள் உங்களுக்குப் பயப்படும் அளவுக்கு ஆண்கள் பயப்பட்டிருந்தால் தையல்காரர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

நான் முப்பத்தொரு வருடம் உரம் விற்றவன் அக்கா. சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். தேயிலை பெருந்தீனிக்காரச் செடி. வாரத்துக்கு ஒருமுறை தலையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறோம், அதற்கு மறுபடி முளைக்கத் தெம்பு வேண்டாமா? பசித்தால் அது அழாது, மஞ்சளாகும். நீங்கள் பார்ப்பதற்குள் ஒரு வருடக் கொழுந்து போயிருக்கும். அத்தான் இருந்தால் நானே வந்து சண்டை போட்டிருப்பேன். இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். ஊரெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. ஒரு பருவம் விளைச்சல் விழுந்தால் போதும், "சொன்னோமே" என்று வீட்டு வாசலுக்கே வந்து சொல்லுவார்கள். அதை உங்களால் தாங்க முடியாது. என்னாலும் முடியாது.

சரி, நான் சொல்லி நீங்கள் எதை மாற்றியிருக்கிறீர்கள்?

கண்ணை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பக்கத்து நகரத்துக் கண் மருத்துவமனையில் இருப்பவர் என் பழைய சிநேகிதர். பேசிவிட்டேன். மாதத்தில் முதல் வியாழக்கிழமை கண்ணுக்குள் ஒரு ஊசி, எட்டு மாதம் போட வேண்டுமாம். காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் மாலை நாலரை பஸ்ஸில் திரும்பிவிடலாம். பிப்ரவரியில் தொடங்குகிறது. தயவுசெய்து போய்விடுங்கள்.

தோட்டத்து மேஸ்திரியிடம் இன்னும் அதே போன் நம்பர்தானா?

உங்கள் தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமென்று நம்புகிறேன். இரண்டு ஊசி போட்டாகிவிட்டது. முதல் தடவை, கண்ணுக்குள் ஊசி வருவதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமே என்று இருந்தது. உன் சிநேகிதர், "அம்மா, மேல பாருங்க, வேற எதையாவது நெனைங்க" என்றார். நான் தையல்காரரை நினைத்துக்கொண்டேன், அவருக்கும் ஊசிதானே தொழில். வலி அவ்வளவாக இல்லை. கண்ணில் கட்டோடு பஸ்ஸில் வந்தால் எல்லோரும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வயதுக்குக் கொடுக்காத மரியாதையைக் கட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

முக்கியச் செய்தி. கீழ்ப்பகுதியில் கொழுந்து ஒரு கிலோகூடக் குறையவில்லை. போன வருடம் இதே மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நடுப்பகுதி சமம். மேல்பகுதி மட்டும் எட்டில் ஒரு பங்கு பின்தங்குகிறது. அங்கே காற்று அதிகம், அதனால் இருக்கும். பெருந்தீனிக்காரச் செடி என்றாயே, பாதி வயிற்றோடு பாட்டுப் பாடிக்கொண்டு வளர்கிறது. வந்து பார்.

மேஸ்திரி மட்டும் ஏனோ முன்போல் வாயடிப்பதில்லை. எடையை வாசித்துக் காட்டி, "பாத்தியா?" என்று கேட்டால், "ஆமாம்மா, நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் காலணியைப் பார்க்கிறான். இருபது வருடம் உன் அத்தானோடு மூட்டை மூட்டையாகக் கொட்டியவன். தோற்றது அவனுக்கு உறைக்கிறது போலிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தலை நிறைய முடி. இன்னும் இரண்டு மாதத்தில் இவள் வேலைக்குத் திரும்பிவிடுவாள், குழந்தைக்குப் பால்மாவுதான். கிணற்றுத் தண்ணீர் கூடாது, தேயிலைக்கு மேலே காட்டு ஓரத்தில் இருக்கும் ஊற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஏறி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். முணுமுணுக்காமல் போகிறார்கள்.

உன் மனைவிக்கு என் ஆசி. உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் தேவையில்லாமல் கேள்விக்குறி போட்டிருந்தாய். குறைத்துக்கொள். உரத்தைப் போலத்தான் அதுவும்.

அக்கா

ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம். எடை குறையாதது கேட்டு மிகவும் சந்தோஷம். உங்கள் கை ராசி.

அங்கே மழை எப்படி? இந்த வாரம் பெய்ததா? வியாழக்கிழமை ஊசியை மறந்துவிடாதீர்கள். அவசரமாக எழுதுகிறேன்.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து இரண்டரை மாதமாக நாலு வரிக்கு மேல் வரவில்லை. முழங்கால்தான் வலிக்கிறது என்று எழுதினாய், கை என்று எழுதவில்லை. போகட்டும். நான் மிகவும் நலம். நேற்றுப் பத்திரிகையைத் தலைப்பு முதல் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரிகள் வரை வாசித்தேன். உன் சிநேகிதருக்கு நன்றி சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நானாகக் கேட்கவில்லை. தலைவர் வீடு தேடி வந்து கேட்டார். சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எடைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாதவாரியாக வாசித்தேன். ஐந்து மாதம், பாதி உரம், கீழ்ப்பகுதியில் கூடுதல், நடுப்பகுதியில் சமம், பின்தங்கியிருந்த மேல்பகுதியும் இந்த மாதம் எழுந்துகொண்டுவிட்டது.

டிராக்டர்காரர் எழுந்தார். "டீச்சரம்மா, நீங்க செடிக்கு ஜெபம் கிபம் ஏதாவது சொல்லிக் குடுக்கறீங்களா? எங்க செடிங்க ஸ்கூலுக்குப் போகலையே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை, என் நடையைப் பார்த்து வைத்த பெயர்.

"ஜெபம் இல்லை, தராசு இருக்கிறது. வந்து பாருங்கள்" என்றேன்.

வந்தார்கள். எடை போடும் கொட்டகையில் நின்று இரண்டு நாள் பார்த்தார்கள். தையல்காரர் கீழ்ப்பகுதிச் செடியின் இலையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களைப் பத்தி என்னென்னமோ பேசிட்டேன்" என்றார். "தெரியும்" என்றேன். அவரும், டிராக்டர்காரரும், ஓய்வு பெற்ற தபால்காரரும் சேர்த்து மொத்தம் ஒன்பது குடும்பம். இந்தப் பருவத்திலிருந்து பாதி உரம் என்று சங்கப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைப் படி எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். அதன் முதல் வரி: "கொழுந்து குறையாது."

தம்பி, இந்த வயதில் பெருமைப்படக் கூடாது என்று தெரியும். படுகிறேன்.

அந்தப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள். காலையில் ஊற்றுக்கு ஏறிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பறிக்க வந்து நின்றாள். ஐந்து மாதமாகப் பாதி உரம்தானே, கிணறு இந்நேரம் தெளிந்திருக்கும். "இனிமே நீ மேலே ஏற வேண்டாம், கிணத்துலயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். "நெசமாவாம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரை மறுபரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறேன், முடிவு வர ஆறேழு வாரம் ஆகுமாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 25

அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். மற்றவர்களை இதில் இழுக்க வேண்டாம். உங்கள் தோட்டம் வேறு, அவர்கள் தோட்டம் வேறு. மண் வேறு, சரிவு வேறு. ஒன்பது குடும்பமும் அந்தக் கொழுந்தை நம்பித்தான் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பி வாங்க முடியுமா? இன்னும் ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சங்கத்தில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அதில் ஒரு குறைவும் இல்லை.

அந்தப் பெண்ணும் முடிவு வரும்வரை ஊற்றுத் தண்ணீரே எடுக்கட்டுமே. இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் பயமாக இருக்கிறது.

முழங்கால் பரவாயில்லை.

தம்பி

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை, உரக்காரன் தன் சரக்குக்காகப் பேசுகிறான் என்று மடித்து வைத்துவிட்டேன். பதிலும் போடவில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை எடை போடும் கொட்டகையில் நின்றிருந்தேன். அந்தப் பெண்ணின் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, புள்ள நெறத்தைப் பாருங்கம்மா" என்றாள். பார்த்தேன். உதடு, விரல் நுனி, நகம் எல்லாம் பேனா மை கொட்டியதுபோல இருந்தது. அழவில்லை. அழாததுதான் எனக்குப் புரியவேயில்லை, அவ்வளவு சின்னக் குழந்தை அவ்வளவு அமைதியாக எப்படிக் கிடக்கும். தாய்க்காரி கூடையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, அப்படியே ஜீப்பில் ஏறினாள். வழியெல்லாம் கொழுந்து சிந்திக்கொண்டே போனது. மருந்தகத்தில் நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் கேட்டாள், "எந்தத் தண்ணியில பால் கரைச்சீங்க?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை பிழைத்துவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டது.

நேற்றுத் தண்ணீர் முடிவு வந்தது. நூற்று இருபத்தொன்று. தொண்ணூற்றாறு இருந்தது பாதி உரத்துக்குப் பிறகு நூற்று இருபத்தொன்று ஆகியிருக்கிறது. இது எப்படி முடியும்? பரிசோதனைச் சாலையில் பாட்டிலை மாற்றியிருக்கிறார்கள் என்று கடுமையாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ஆனால் குழந்தையின் உதட்டை யார் மாற்றினார்கள்?

இன்னொன்று. தையல்காரர் தோட்டம் மஞ்சளித்திருக்கிறது. தபால்காரருக்குக் கொழுந்து எட்டில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்துவிட்டது. டிராக்டர்காரர் பயந்துபோய் ஒரே நாளில் இரண்டு மடங்கு உரத்தைக் கொட்டியிருக்கிறார். அவர் தோட்டத்துக்குக் கீழே பள்ளிக்கூடக் கிணறு இருக்கிறது. சங்க வாசலில் என் இரண்டு பக்கத்தை ஒட்டி, "குறையாது" என்ற சொல்லைச் சுற்றி யாரோ வட்டம் போட்டிருக்கிறார்கள்.

என் தோட்டத்தில் மட்டும் ஏன் குறையவில்லை? உனக்கு மண் தெரியும், உரம் தெரியும். யோசித்து எனக்கு விளக்கி எழுது. நான் கேட்டு ஒரு விஷயத்தை நீ விளக்குவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சீக்கிரம் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 27

தம்பி,

பதினைந்து நாளாயிற்று. தபால் மூன்று நாளில் போகிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் மனைவி போனை எடுக்கிறாள், நீ குளிக்கிறாய் என்கிறாள். மூன்று தடவையும் குளித்துக்கொண்டிருந்தாய்.

அக்கா

செப்டம்பர் 1

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். முழங்காலுக்கு எண்ணெய்க் கட்டு போட்டிருக்கிறார்கள். இங்கே வெயில் தாங்கவில்லை. பரிசோதனைச் சாலையில் தவறு நடப்பது உண்டு. பழைய உரம் மண்ணில் தங்கி மெதுவாக இறங்குவதும் உண்டு. உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

குழந்தை எப்படி இருக்கிறது? நான்கு நாள் ஆக்சிஜன் வைத்த பிறகு பால் ஒழுங்காகக் குடிக்கிறதா? இனி ஊற்றுத் தண்ணீர்தானே கொடுக்கிறார்கள்?

நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். யார் மேலும் தவறில்லை. வியாழக்கிழமை கடைசி ஊசி. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் அக்கா. கண் முக்கியம்.

குழந்தையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி

செப்டம்பர் 18

தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது வழக்கம். இன்று அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் என்னுடைய ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நகலை எடுத்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், குழந்தை பிழைத்துவிட்டது" என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆக்சிஜன் என்ற சொல்லே இல்லை. நான்கு நாள் என்று உனக்கு யார் சொன்னது? நர்ஸ் உன் மனைவியிடம் பேசியிருப்பாள் என்று நானே உனக்காக ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை போய் கடைசி ஊசியும் போட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மழை. எடைக் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பறிக்கிற பெண்கள் மழைக்கு உரச்சாக்கைப் பிரித்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், உனக்குத் தெரியும். ஒருத்தி கூடையை இறக்கத் திரும்பினாள். அவள் முதுகுப் பக்கம் சாக்கில் உன் பழைய கம்பெனியின் படம் தலைகீழாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: தயாரித்த மாதம், மார்ச். இந்த வருடம்.

நான் கடைசியாக உரம் வாங்கியது போன நவம்பரில். என் இருபது மூட்டையும் அப்போதே வந்து இறங்கியவை.

"இந்தச் சாக்கு ஏது?" என்றேன்.

"மேஸ்திரி அண்ணன் குடுத்தாரும்மா. புதுசு, ஒழுகாது. எங்க எல்லாருக்கும் குடுத்தாரே!"

எல்லோரையும் வரிசையாகத் திரும்பி நிற்கச் சொன்னேன். பதினான்கு பேர். மார்ச், ஜனவரி, மே, ஏப்ரல், மே. பள்ளிக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒளித்த கையை மதர் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே போனேன். போன வருடம் இந்தக் கண்ணால் அவர்கள் முகமே எனக்குத் தெரிந்திருக்காது. நீ கொடுத்த கண்ணால் படித்தேன், தம்பி.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவன் மறைக்கவில்லை. காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தம்பி ஐயா போன் பண்ணாரும்மா. அக்கா ஊர் முன்னாடி தலை குனியக் கூடாதுன்னாரு. அவரோட பழைய வியாபாரி வேன்ல அனுப்பினாரு. நீங்க பாதி போட்டீங்க, மீதிப் பாதிய நாங்க போட்டோம். வேற ஒரு தப்பும் செய்யலைம்மா."

"எப்போது?"

"நீங்க ஊசிக்குப் போற வியாழக்கெழமைதான்."

எனக்கு உட்காரத் தோன்றியது, கொட்டகையில் உட்கார ஒன்றுமில்லை. கொழுந்து மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடத்தில் யாரையும் அதன்மேல் உட்கார விட்டதில்லை.

"எந்த வரிசைக்குப் போட்டீர்கள்?"

"நாலரை பஸ்ல நீங்க வந்துருவீங்களேம்மா, மேல ஏற நேரம் ஏது? வேன் ரோட்டோரம் எறக்கிட்டுப் போயிடும். கைக்குக் கிட்டக்க இருந்த வரிசைக்கே போட்டுட்டோம். கெணத்துக்கு மேல இருக்கற கீழ்ப்பகுதிக்கு, மிஞ்சினது நடுப்பகுதிக்குக் கொஞ்சம்."

ஆறு ஏக்கருக்குப் பிரிய வேண்டியதில் பெரும்பகுதியைக் கிணற்றுக்கு மேலேயே கொட்டியிருக்கிறார்கள். அதனால்தான் நூற்று இருபத்தொன்று. பரிசோதனைச் சாலைக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

"கொழந்தைக்கு முடியாம போனதும் நிறுத்திட்டோம்மா. அன்னைக்கே ஐயாகிட்ட சொன்னேன். போன்ல அழுதாரு" என்றான். அப்படியானால் என் கடிதம் சேரும் முன்பே உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, பரிசோதனைச் சாலையில் தவறு நடப்பது உண்டு என்று எழுதினாய்.

நீ என் மானத்தைக் காப்பாற்றினாய் என்று நினைத்தாய். இருக்கலாம். பாதி போதும் என்று நான் நிரூபித்துவிட்டால், முப்பத்தொரு வருடம் வாசல் வாசலாகப் போய் நீ சொன்ன அளவு என்னவாகும் என்றும் நினைத்தாயா? இதற்கு எனக்குப் பதில் வேண்டாம். உனக்கு நீயே சொல்லிக்கொள்.

ஆனால் ஒன்றை நேராக எழுதிவிடுகிறேன். கிணற்றில் எடுத்துக்கோ என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது நீ அல்ல. நான். முடிவு வரும்வரை பொறு என்று நீ கெஞ்சினாய், அதையும் நான் கேட்கவில்லை. அளக்காததைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போய் இதை அவளிடம் சொன்னேன். மேஸ்திரி, நீ, சாக்கு, எல்லாவற்றையும். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நீங்க சொன்னீங்கன்னுதானேம்மா குடுத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எழுந்து வர முடிந்திருக்கும். வெகுநேரம் அங்கேயே இருந்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நகம் வெளுப்பாக, சரியாக இருந்தது.

அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். என் இரண்டு பக்கம் பொய் என்று நானே எழுந்து வாசிப்பேன். டிராக்டர்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும்.

அதோடு முடிந்துவிடவில்லை. நேற்று எடைப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மேல்பகுதிக்கு ஏற நேரமில்லை என்றானே, அது உண்மையானால் அங்கே விழுந்தது என் பாதி உரம் மட்டும்தான். அங்கே முதலில் எட்டில் ஒரு பங்கு குறைந்தது. ஜூனில் திரும்ப எழுந்தது. அதைத்தான் காற்று என்று ஒதுக்கிவிட்டு, கீழ்ப்பகுதியைக் காட்டிப் பெருமையடித்தேன். ஒருவேளை இந்தத் தோட்டத்திலேயே உண்மை பேசிய வரிசைகள் அவை மட்டும்தானோ என்னவோ. அப்படியானால் ஒன்பது குடும்பத்துக்கும் நான் சொல்ல வேண்டியது "குறையாது" அல்ல, "முதலில் குறையும், பொறுத்தால் எழும், பயந்து கொட்டாதீர்கள்" என்பது. இதைச் சொல்லலாமா கூடாதா என்பது ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: மேல்பகுதிக்கு ஒரு பிடியாவது போயிற்றா, இல்லையா. மேஸ்திரி ஒருநாள் இல்லை என்கிறான், மறுநாள் "ஏப்ரல்ல ஒருதரம் கொண்டுபோனோமோ?" என்கிறான். என்னைப் பார்த்தால் அவனுக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. உனக்கு மறந்திருக்காது. ஒவ்வொரு வேன் போன பிறகும் அவனிடம் போனில் கேட்டுக் குறித்து வைத்திருப்பாய். நீ அப்படிப்பட்டவன்.

அக்டோபர் மூன்றாம் தேதி வியாழக்கிழமை கண்ணைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார் உன் சிநேகிதர். போவேன். இந்தத் தடவை மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய்க் கட்டு உண்மைதானே? உண்மையென்றால் நடக்காதே. நீ நேரில் வர வேண்டாம். போனும் வேண்டாம், காதில் கேட்டதைச் சங்கத்தில் வாசிக்க முடியாது. எத்தனை மூட்டை, எந்தத் தேதி, எந்த வரிசை. அக்டோபர் ஆறுக்கு முன் எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.

அக்கா